மழைநீர்: கூரை முதல் குடம் வரை

வீட்டில் மழைநீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபில்டர் நல்லது?" என்றுதான். இந்த அத்தியாயத்தில் ஃபில்டர் நான்காவதாகத்தான் வருகிறது. கூரை, வலை, முதல் மழையை வெளியே தள்ளும் குழாய் என்று மூன்று அதற்கு முன்னால் நிற்கின்றன. அந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் ஃபில்டருக்குப் பெரிய வேலை இருக்காது. அவை சரியில்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரும் ஒரே பருவத்தில் அடைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது பெரும்பாலான வீடுகளில் அமைந்தவை நீரை நிலத்துக்குள் இறக்கும் குழிகளும் உறிஞ்சு கிணறுகளும்தான். மண்ணுக்குள் இறங்கும் நீரில் கொஞ்சம் தூசு கலந்திருந்தாலும் மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடிக்கவும் சமைக்கவும் தொட்டியில் பிடிக்கிற நீருக்கு அப்படி ஒரு துணை கிடையாது. கூரையில் கிடப்பது எதுவோ அதுவே தொட்டிக்கு வரும், அங்கிருந்து குடத்துக்கு வரும். ஆகவே குழிக்கு நீர் விடப் போட்ட குழாயை அப்படியே திருப்பித் தொட்டியில் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

எவ்வளவு மழை வேண்டும்?

சுத்தத்தைப் பற்றிய பேச்சு ஒரு கணக்கில்தான் தொடங்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர். தளம் உறிஞ்சுவது, தெறிப்பது, ஆவியாவது எல்லாம் போக 750 லிட்டர் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி செலவுப் பக்கம். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 25 லிட்டர். 5,000 லிட்டர் தொட்டி 200 நாளைக்கு வரும். டிசம்பர் நடுவில் நிரம்பிய தொட்டி கத்திரி வெயிலைத் தாண்டி ஜூன் கடைசி வரை தாங்கும். அந்தத் தொட்டியை நிரப்ப மேலே சொன்ன மாடிக்கு 70 மில்லிமீட்டர் மழை போதும். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவத்தில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ 440 மில்லிமீட்டர் கிடைக்கிறது. அதாவது பெய்வதில் ஆறில் ஒரு பங்குதான் உங்களுக்குத் தேவை.

இந்த அத்தியாயம் முழுவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. ஆறில் ஒரு பங்கு போதும் என்றால், எந்தப் பங்கை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது. வானம் இருட்டியதுமே முதல் சொட்டிலிருந்து பிடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு வேண்டாம். மழைநீரைக் கெடுப்பதில் புறாவைவிட அந்தத் தவிப்புக்கே பங்கு அதிகம். கழுவி விடுகிற மழை தோட்டத்துக்கும் உறிஞ்சு குழிக்கும் போகட்டும், அது வீணாகப் போவதில்லை. நல்ல மழை மட்டும் தொட்டிக்கு வரட்டும்.

கூரை

எல்லாக் கூரையும் குடிநீருக்கு உதவாது. தகரக் கூரை மிக நல்லது. வழவழப்பாக இருப்பதால் தூசு ஒட்டாது, வெயிலில் அது ஏறும் சூட்டில் கிருமிகள் நிலைப்பதும் கடினம். துருப்பிடித்த தகரமும், ஈயம் கலந்த பழைய பெயிண்ட் அடித்த தகரமும் வேண்டாம். சிமெண்ட் தளமும் தட்டோடு பதித்த தளமும் நல்லவையே, வாட்டம் சரியாக இருக்க வேண்டும். வாட்டம் கெட்டு மூலையில் தண்ணீர் தேங்கும் மாடியில் பாசி படரும், கொசு முட்டையிடும், அடுத்த மழையில் அத்தனையும் குழாய்க்கு வரும். ஒரு வாளித் தண்ணீரை உயரமான மூலையில் ஊற்றிப் பாருங்கள். அது ஓடிச் சேரும் இடம் குழாய் வாயாக இல்லையென்றால் முதல் செலவை அங்கேதான் செய்ய வேண்டும்.

சீமை ஓட்டுக் கூரையில் ஓடுகளுக்கு இடையில் எலி, பல்லி, வௌவால் குடியிருக்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஓடு மாற்றும்போது கூட்டையும் புழுக்கையையும் எடுத்துவிட்டால் அதிலும் நல்ல நீர் பிடிக்கலாம். கீற்றுக் கூரை நீர் தேநீர் நிறத்தில் வரும், அதைச் செடிகளுக்கு விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அதன் நார் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு என்பது உறுதியாகத் தெரிந்த விஷயம். ஆகவே அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ, துளையிடவோ, அறுக்கவோ கூடாது. தேய்த்துச் சுத்தம் செய்ய முடியாத கூரையைக் குடிநீருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நீர் துவைக்கவும் கழுவவும் இருக்கட்டும்.

மொட்டை மாடி நம் வீடுகளில் சும்மா கிடக்கும் இடமில்லை. வற்றல் வடகம் காய்வதும், சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் துணி உலர்வதும், காகத்துக்குச் சோறு வைப்பதும் அங்கேதான். காகத்துக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, இடத்தை மாற்றச் சொல்கிறேன். கைப்பிடிச் சுவரில் சோறு வைத்தால் காகம் சோற்றைத் தின்பதோடு போகாது. மீன்முள்ளும் எலும்பும் எங்கிருந்தோ கொண்டுவந்து போடும், எச்சமிடும். காம்பவுண்டுச் சுவரில் வையுங்கள், காகம் அங்கேயும் வரும். சோலார் பலகை வைத்திருப்பவர்கள் அதன் அடியைக் குனிந்து பார்க்க வேண்டும். புறாக்கள் கூடு கட்ட அதைவிட வசதியான இடம் நகரத்தில் இல்லை. சுற்றிலும் வலை அடித்துவிடுங்கள்.

பறவை எச்சத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், சால்மொனெல்லா போன்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் கூரைநீருக்குள் நுழைவதற்கு முக்கியமான வழி அதுதான். பல்லி எச்சத்திலும் அவை உண்டு. எலியின் சிறுநீர் வழியாக வருவது எலிக்காய்ச்சல். மணலும் ஜல்லியும் போட்ட ஃபில்டர் இவற்றை முழுதாகத் தடுக்காது. எச்சம் விழாமல் தடுப்பதும், விழுந்ததை மழைக்கு முன்பே பெருக்குவதும்தான் மலிவான, உறுதியான வழி.

மாடிக்கு மேல் நீண்டிருக்கும் கிளைகளை ஆவணியிலேயே வெட்டிவிடுங்கள். இலை குப்பை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. எலியும் அணிலும் ஏறிவரும் பாதை அந்தக் கிளைதான்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். புரட்டாசி பிறந்ததும் மாடியைப் பெருக்கி, தேங்காய் நார்த் துடைப்பமோ தேய்ப்பு பிரஷ்ஷோ கொண்டு பாசியைத் தேய்த்து, வெறும் தண்ணீரில் கழுவிவிட வேண்டும். பினாயிலும் ஆசிட்டும் கூடாது. தளத்துக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சோ வெயில் தாங்கும் வெள்ளைப் பெயிண்ட்டோ புதிதாக அடித்திருந்தால், அதன் மேல் இரண்டு மூன்று பெருமழை பெய்து கழுவிய பிறகுதான் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். தார் பூசிய தளம் குடிநீருக்கு ஆகாது.

தீபாவளியையும் கவனியுங்கள். பருவமழை நடுவில் வருகிற பண்டிகை அது. அன்றிரவு மாடியில் கிடக்கும் வெடிக் காகிதத்தையும், கரியையும், ரசாயனப் பொடியையும் மறுநாள் காலையிலேயே அள்ளிவிட வேண்டும். உங்கள் வீட்டில் வெடிக்காவிட்டாலும் தெருவில் வெடித்த தூள் உங்கள் மாடியில் படிந்திருக்கும். தீபாவளிக்குப் பிறகு பெய்யும் முதல் மழை எவ்வளவு அழகாகப் பெய்தாலும் அது வெளியே போக வேண்டிய மழை.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழும் எண்ணூர்ப் பக்கத்திலும், அரிசி ஆலை, செங்கல் சூளை, ஜல்லி கிரஷர் அருகிலும் இருப்பவர்களுக்கு மாடி கழுவுவது வருடத்துக்கு ஒரு நாள் வேலையாக முடியாது. மழை இடைவெளி விட்ட ஒவ்வொரு முறையும் பெருக்க வேண்டும்.

வலை

மாடியில் குழாய் தொடங்கும் வாயில் கம்பிச் சல்லடை வேண்டும். தட்டையான சல்லடையை ஒரே ஓர் அரச இலை மூடிவிடும், கவிழ்த்த கிண்ணம் போல மேலே எழும்பியதாக வாங்குங்கள். அது பெரிய குப்பைக்கு. வேப்பம்பூ, புளிய இலை, முருங்கை இலை எல்லாம் அதில் நழுவிவிடும். கீழே குழாய் தொட்டியை நெருங்கும் இடத்தில், எளிதில் கழற்றி உதறக்கூடிய மெல்லிய நைலான் வலை ஒன்று வேண்டும். கழற்றச் சிரமமான வலையை யாரும் கழற்றுவதில்லை. நனைந்த இலைகள் அதில் அழுகிக் கிடந்தால், வலை இல்லாதபோது வருவதைவிட மோசமான நீர் வரும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது அதைப் பார்க்க வேண்டும்.

முதல் தண்ணீர்

அரிசி களைந்த முதல் தண்ணீரை யாரும் உலையில் வைப்பதில்லை. கூரையைக் களைந்த முதல் தண்ணீரும் அப்படித்தான். காற்றிலிருந்து மழை இறக்கிக்கொண்டு வரும் தூசு, தளத்தில் காய்ந்த எச்சம், கடற்கரை ஊர்களில் காற்று கொண்டுவந்து படிய வைத்த உப்பு எல்லாம் முதல் சில நிமிடங்களில்தான் ஓடி வருகின்றன. அந்தத் தண்ணீரைத் தனியே பிரித்துவிட்டால் மீதி வருவது பெரும்பாலும் தெளிந்த நீர்.

எவ்வளவு தள்ள வேண்டும்? வழக்கமாகச் சொல்லப்படும் அளவு அரை மில்லிமீட்டர் முதல் இரண்டு மில்லிமீட்டர் மழை வரை. நம் ஊர்த் தூசுக்கும் நம்மிடம் இருக்கும் மழைக்கும் இரண்டு மில்லிமீட்டரே சரி என்பது என் முடிவு. 1,000 சதுர அடி மாடிக்கு அது ஏறத்தாழ 185 லிட்டர். சந்தையில் கிடைக்கும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று அதற்குச் சரியாக இருக்கும். ரசாயனம் வந்த டிரம்மை வாங்காதீர்கள், உணவுப் பொருள் வந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

பல வீடுகளில் இதற்கென்று செய்திருப்பது என்னவென்றால், இறங்கு குழாயில் ஒரு டீ போட்டு, அதற்குக் கீழே நான்கு அங்குலக் குழாயை ஒரு ஆள் உயரத்துக்கு இறக்கி, அடியில் எண்ட் கேப் மாட்டியிருப்பார்கள். அந்தக் குழாய் நிரம்பிய பிறகு வரும் நீர் டீயின் பக்க வழியாகத் தொட்டிக்குப் போகும். யோசனை நல்லது, அளவுதான் போதாது. நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் கொள்ளும். இரண்டு மீட்டர் குழாய் 17 லிட்டர். முழு மாடி நீரும் அந்த ஒரே குழாயில் இறங்கினால், கால் மில்லிமீட்டர் மழைகூடக் கழிவாகப் போகாது. அழுக்கின் பெரும்பகுதி நேரே தொட்டிக்குள் இறங்கிவிடும். மாடியில் நான்கு இறங்கு குழாய்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் மூன்று மீட்டர் உயரத்துக்கு இப்படிச் செய்தால் ஒரு மில்லிமீட்டர் அளவு கழியும். அதற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடமிருந்தால் டிரம்தான் நல்லது. அதை இணைக்கும் முறையும் இதுவே: டீயின் நேர் வழி டிரம்முக்கு, டிரம் நிரம்பிய பின் பக்க வழி ஃபில்டருக்கு. டிரம்முக்குள் ஒரு மிதக்கும் பந்து இருந்தால் நிரம்பியதும் அது வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே நின்ற அழுக்கு நீர் மேலே வருகிற நல்ல நீரோடு கலக்காது.

இதில் அடிக்கடி மறப்பது டிரம்மைக் காலி செய்வதை. நேற்று நிரம்பிய டிரம் இன்றும் நிறைந்தே நின்றால், அடுத்த மழையின் முதல் தண்ணீர் தடையில்லாமல் தொட்டிக்குப் போய்விடும். அடியில் ஒரு வால்வு வைத்து, மழை விட்டதும் திறந்துவிட வேண்டும். மறப்பவர்கள் டிரம்மின் அடியில் சின்னத் துளை போட்டுவிட்டால் சொட்டுச் சொட்டாக ஒரு நாளில் தானே வடிந்துவிடும். துளையில் சேறு அடைக்கும், மாதம் ஒரு முறை ஆணியால் குத்திவிடுங்கள். தொடர்ந்து அடைமழை பெய்யும் நாட்களில் ஒவ்வொரு முறையும் முதல் நீரைத் தள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் வெயில் அடித்துவிட்டால் மறுபடி தள்ள வேண்டும்.

இவ்வளவு குழாய் வேலை செய்ய வசதி இல்லாத வீட்டுக்கு இதைவிட எளிய வழி உண்டு. இறங்கு குழாயின் கடைசி எல்போவைப் பசை போட்டு ஒட்டாமல் திருகிவிடும்படி விடுங்கள். அது எப்போதும் வெளிப்பக்கம் பார்த்தே இருக்கட்டும். நல்ல மழை கால் மணி நேரம் பெய்த பிறகு, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் எல்போவைத் தொட்டிப் பக்கம் திருப்புங்கள். மழை விட்டதும் மறுபடி வெளிப்பக்கம். நள்ளிரவு மழையையும், வீட்டில் ஆள் இல்லாத நேரத்து மழையையும் விட்டுவிட வேண்டியதுதான். முன்னே போட்ட கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. கார்த்திகை முடிவதற்குள் நாலைந்து பகல் மழையில் தொட்டி நிரம்பிவிடும்.

கூரையே சரியில்லாத வீட்டில் என்ன செய்வது? நம் கிராமங்களில் வெகுகாலமாக இருக்கும் வழக்கமே போதும். துவைத்த வெள்ளை வேட்டியை நான்கு கொம்பில் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றைப் போட்டு, கீழே அண்டாவை வைப்பார்கள். கூரையே படாத நீர் அது. அளவு குறைவு, சுத்தத்தில் அதற்கு மிஞ்சியது இல்லை.

ஃபில்டர்

முதல் நீரைத் தள்ளிய பிறகு மிஞ்சும் மெல்லிய தூசைப் பிடிக்கத்தான் ஃபில்டர். 200 லிட்டர் டிரம் ஒன்றில் அடியில் அரை அடிக்கு முக்கால் அங்குல ஜல்லி, அதன் மேல் அரை அடிக்குச் சிப்ஸ் ஜல்லி, அதன் மேல் ஒரு அடிக்குப் பருமணல். அடுக்குகளுக்கு இடையே நைலான் வலை. மணல் மேல் நீர் நேராக விழுந்து குழி பறிக்காதிருக்க மேலே இரண்டு விரற்கடை ஜல்லி. அவ்வளவுதான் செய்முறை. ஆற்று மணல் கிடைப்பது இப்போது அரிது. எம்-சாண்ட் போடலாம், அதில் கல்மாவு நிறைய இருக்கும், அலசிய தண்ணீர் தெளிவாக வரும்வரை பல தடவை அலச வேண்டும். கரி அடுக்கு நிறத்தையும் வாடையையும் எடுக்கும். ஆண்டுதோறும் மாற்றுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள், பழைய கரியில் கிருமி வளரும்.

கொட்டும் மழையில் இந்த டிரம் ஈடுகொடுக்காது. மணல் வழியாக மணிக்கு ஆயிரம் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர்தான் இறங்கும், மாடியிலிருந்து அதைப்போல மூன்று மடங்கு வரலாம். மேலே வழிந்தோட ஒரு குழாய் வைத்து, மிகுதியை உறிஞ்சு குழிக்கு விடுங்கள். வேகம் வேண்டும் என்று மணலைக் குறைத்துவிடாதீர்கள். பருவம் முடிந்ததும் மேல் மணலை ஓர் அங்குலம் வழித்து எடுத்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் போடலாம். டிரம்மின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் நாற்றம் எடுக்கும். அடிக்குழாய் அடிமட்டத்திலேயே இருக்க வேண்டும்.

ஃபில்டர் கிருமியைக் கொல்லாது. தெளிந்த நீர் வேறு, குடிக்கத்தக்க நீர் வேறு. தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலங்கலைத் தெளிய வைப்பதும் நல்ல பழக்கம்தான், அதற்கும் இதே எல்லைதான்.

தொட்டி

வெளிச்சம் புகாத தொட்டியில் பாசி வளராது, பாசி இல்லாத நீர் மாதக்கணக்கில் கெடாது. தொட்டியைப் பற்றிய பாதி விதி இதுதான். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் ஒற்றை அடுக்கு உள்ளதை வாங்காதீர்கள். கறுப்பானதோ பல அடுக்கு உள்ளதோ வாங்கி, முடிந்தால் நிழலில் வையுங்கள். புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் முதலில் நிற்கும் நீர் காரமாக இருக்கும். ஓரிரு முறை நிரப்பி, சில நாள் விட்டு, வெளியேற்றிய பிறகு புழங்கத் தொடங்குங்கள்.

உள்ளே வரும் குழாய் மேலிருந்து தொபுக்கென்று விழவேண்டாம். அதைத் தொட்டியின் அடிவரை கொண்டுபோய், நுனியை மேல்நோக்கி வளைத்துவிட்டால் அடியில் படிந்த வண்டல் கலங்காது. எடுக்கும் குழாய் அடியிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே நிற்பது வண்டலுக்கான இடம். அதை வெளியேற்ற அடியில் தனி வால்வு. சொம்பு விட்டு மொள்ளும் பழக்கம் கூடாது. எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த நீரையும் ஒரு கை கெடுத்துவிடும்.

தரைக்குக் கீழே சம்ப்பு கட்டுபவர்கள் வெள்ளத்தை நினைத்துக் கட்ட வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தெருத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. தரையோடு தரையாக மூடி வைத்த சம்ப்புகளுக்குள் சாக்கடை கலந்த நீர் புகுவதற்கு அந்த ஒரு நாள் போதும். மூடியின் விளிம்பு தெரு மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், செப்டிக் டேங்க்கிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும். மழைநீர் சம்ப்பில் லாரித் தண்ணீரையோ போர்த் தண்ணீரையோ ஊற்றாதீர்கள். அந்த நீர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு முறை கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

கொசுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக அதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். தொட்டிச் சுவரில் நீர்மட்டத்தை ஒட்டி அது இடும் முட்டை, நீர் வற்றிக் காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி நீர் ஏறியதும் பொரிக்கும். அதனால்தான் காலித் தொட்டியை அலசினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். மூடி, வழிந்தோடும் குழாய், காற்றுக் குழாய் என்று கொசு நுழையக்கூடிய வழி மூன்று. மூடியை மட்டும் இறுக்கிவிட்டு வழிந்தோடும் குழாயைத் திறந்து விட்டிருக்கும் வீடுகள்தான் அதிகம். மூன்றிலும் மெல்லிய வலையைக் கட்டி, வருடம் ஒரு முறை கிழிசல் பாருங்கள். முதல் நீர் டிரம்மும் தேங்கிய நீர்தான், அதையும் மூடி வையுங்கள். சுகாதாரப் பணியாளர்கள் அபேட் மருந்து ஊற்ற வந்தால் தடுக்காதீர்கள், அளவாக விடும் அந்த மருந்து வீட்டில் சேமித்த நீருக்கென்றே உள்ளது.

தொட்டி கழுவுவது புரட்டாசி வேலை. பழைய நீர் குறைந்திருக்கும் நேரம் அது. சுவரைத் தேய்த்து, வண்டலை வெளியேற்றி, பத்து லிட்டர் வாளிக்கு இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் சுவர் முழுக்கத் துடைத்து, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள். ஆழமான சம்ப்புக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. மூடியைச் சில மணி நேரம் திறந்து வைத்துக் காற்றோட விட்ட பிறகே இறங்க வேண்டும், மேலே ஓர் ஆள் நிற்க வேண்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைச் சேர்த்தால் நச்சு வாயு வரும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள்.

குடிப்பதற்கு முன்

தொட்டி நீர் முழுவதையும் கிருமி நீக்கம் செய்து ஆறு மாதம் வைக்க முடியாது. குளோரின் சில நாளில் போய்விடும். அன்றன்றைக்குக் குடிக்க எடுக்கும் நீரைச் சுத்திகரிப்பதே சரியான முறை. கொதிக்க வைப்பது எல்லாவற்றிலும் உறுதியானது. குமிழி விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். கேஸ் செலவைப் பார்ப்பவர்களுக்கு வெயில் இருக்கிறது. நிறமில்லாத, கீறல் இல்லாத இரண்டு லிட்டருக்கு மேற்படாத பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மூட்டமான நாளென்றால் இரண்டு நாள். கலங்கல் நீரில் இது பலிக்காது.

வெள்ளம் வந்த பிறகோ, தொட்டிக்குள் ஏதாவது விழுந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலோ குளோரின் போடலாம். நல்ல பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 30 சதவீதம் குளோரின் இருக்கும். தெளிந்த நீர் 1,000 லிட்டருக்கு 7 கிராம் போதும். ஒரு குவளையில் குழைத்து, தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்து லேசான குளோரின் வாடை இருந்தால் அளவு சரி. திறந்து கிடந்த பழைய பாக்கெட்டில் வீரியம் இருக்காது. செத்த எலியோ பறவையோ கிடந்தால் குளோரினை நம்பாதீர்கள். முழுவதும் வெளியேற்றிக் கழுவுங்கள்.

ஆர்ஓ இயந்திரம் மழைநீருக்குத் தேவையில்லை. உப்பை எடுக்கத்தான் அந்த இயந்திரம், மழைநீரின் டிடிஎஸ் பெரும்பாலும் 50க்கும் கீழே. இருப்பதில் பாதிக்கு மேல் அது கழிவாகத் தள்ளுவதையும் பார்க்க வேண்டும். யுவி மட்டும் உள்ள இயந்திரம் பொருந்தும். சத்து இல்லாத நீர் என்ற பயமும் வேண்டாம், உடம்புக்கு வேண்டிய தாது உப்புகள் பெரும்பாலும் சாப்பாட்டிலிருந்துதான் வருகின்றன. குடித்துப் பழகும்வரை கொஞ்சம் சப்பென்று இருக்கும். பருப்பு சீக்கிரம் வேகும், காப்பி நன்றாக இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்கள் உள்ளன. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. அங்கே பல்லும் எலும்பும் கெடாமல் பிள்ளைகள் வளர, சுத்தமாகப் பிடித்த மழைநீர் பெரிய உதவி. ராமநாதபுரம், நாகப்பட்டினம் கடற்கரையில் உப்புக் கிணற்றோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் அப்படியே.

நீர் சுத்தமாக இருக்கிறதா என்று நாக்கும் கண்ணும் சொல்லிவிட முடியாது. ஹெச்2எஸ் குப்பி என்ற சிறிய பரிசோதனை இருக்கிறது. அதில் நீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் சாதாரண அறைச் சூட்டில் வைத்தால், மலக்கிருமி கலந்த நீர் கறுத்துவிடும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலும் நீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். தொட்டி நிரம்பிய பிறகு ஒரு முறை, கோடை நடுவில் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். குப்பி கறுத்தால் முதலில் மாடிக்கு ஏறுங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பரிசோதனை நல்லதாகவே வந்தாலும், கைக்குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், முதியவர்களுக்கும், நோயில் கிடப்பவர்களுக்கும் கொதித்து ஆறிய நீரையே கொடுங்கள். குளோரினுக்குச் சாகாத ஒட்டுண்ணிகளும் உண்டு, கொதிநீரில் அவையும் பிழைப்பதில்லை.